லிஃப்ட்டில் குடியிருக்கும் அகராதிகள்

எங்கள் கட்டிடத்தில் ஒரு லிஃப்ட் இருக்கிறது. நன்றாக ஓடக்கூடிய லிஃப்ட்தான். ஆனால் அதில் மனிதர்கள் ஏறக் கூடாது. அகராதிகள் குடியிருக்கின்றன.

"அப்படியெல்லாம் எங்காவது நடக்குமா?" என்று கேட்கிறவர்கள் இத்தோடு எழுந்து போய்விடலாம். மிச்சத்தைக் கேட்டால் அவர்களுக்கு நம்பிக்கை வராது, எனக்கு எரிச்சல்தான் வரும்.

நான் லாரி ஓட்டியவன். எங்கள் கம்பெனி, தன்னிடம் உழைத்துக் கிழடு தட்டிப்போனவர்களுக்காக மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றைக் கட்டியது. கட்டி முடித்ததும், கிழடுகளோடு யார் மல்லுக்கட்டுவது என்று யோசித்து, நிர்வாகத்தை அங்கேயே குடியிருந்த ஒரு சங்கத்தின் தலையில் கட்டிவிட்டு நழுவிக்கொண்டது. சொற்பலகைச் சங்கம் என்று பெயர். ஆங்கில எழுத்து பொறித்த சின்னக் கட்டைகளைப் பையில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஏழு எடுத்து, கட்டம் போட்ட பலகையில் சொல் சொல்லாக அடுக்குகிற விளையாட்டு. மழை பெய்து வெளியே போக முடியாத நாளில் பிள்ளைகள் விளையாடுவது. இவர்கள் அதை வைத்துக்கொண்டு ஒரு அரசாங்கமே நடத்தினார்கள்.

ஆபீசில் நாற்காலி தேய்த்தவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். லாரி ஓட்டியவன், மூட்டை தூக்கியவன் எல்லோரும் வெறும் குடியிருப்போர். உறுப்பினர்களுக்குக் கீழ்த்தளம், மற்றவர்களுக்கு மாடி. எனக்கும் என் மனைவிக்கும் மூன்றாம் மாடி. என் கால் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்குத்தான் வலது முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது. "படி ஏறி இறங்கினா இந்தக் கால் அப்புறம் நடக்கவே நடக்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பாட்டு அறையும் குளிக்கிற இடமும் கீழே. அவள் படி இறங்காமல் எப்படி இருப்பாள்?

செயலாளரிடம் போனேன். அவர் கம்பெனியில் லீவு விண்ணப்பங்களை நிராகரிக்கிற வேலையில் இருந்தவர். பழக்கம் போகவில்லை.

"சார், லிஃப்ட்ட மட்டும் தொறந்து விடுங்க. அவ ஏறி எறங்கிக்குவா."

"லிஃப்ட்ல அகராதி இருக்கே."

"அத எடுத்து வேற எங்கயாவது வைங்களேன்."

"எங்க வைக்கிறது? கரையான் வராத எடம், திருடன் வராத எடம், ஆளுங்க வராத எடம் இந்தக் கட்டடத்துல அது ஒண்ணுதான்."

இவ்வளவும் பேசும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்திருந்த ஒரு எழுத்துக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம். கழுத்து குனிந்தபடியே காய்த்துப்போயிருக்கும்.

"சரி, அகராதியோட சேந்து அவளும் ஏறி எறங்கட்டுமே. அதுங்க ஒரு பக்கம், இவ ஒரு பக்கம்."

"என்னய்யா பேசற நீ? அகராதி மேலயும் கீழயும் போய்ட்டுப் போய்ட்டு வந்தா வரிசை என்னாகும்? குலுங்கிக் குலுங்கி இசட் எல்லாம் அடியில போய்டும்."

இசட் முன்னாலிருந்தே கடைசியில்தான் இருக்கிறது என்று எனக்கே தெரியும். என் ஆங்கிலம் நம்பர் பிளேட்டோடு நின்றுபோனது. எழுத்து ஒவ்வொன்றும் தெரியும், சேர்த்துப் படிக்க வராது.

"அப்ப கீழ ஒரு ரூமாவது குடுங்க."

"காலி இல்ல. காலி ஆனாலும் உறுப்பினருக்குத்தான். நீ ஆடுவியா?"

"நான் லாரி ஓட்டினவன் சார்."

"ஆடுவியான்னு கேட்டேன். என்ன செஞ்சேன்னு கேக்கல."

அப்படி என்னதான் ஆடுகிறார்கள் என்று பார்க்க ஒரு நாள் கூடத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. ஃபேன் போடக் கூடாதாம், யோசனை கலையுமாம். தைல வாசனையும் வேர்வை வாசனையும் அடித்தது. சுவர் முழுக்கப் பலகைகள். ஒன்றில் பின்னால் யூ வராத க்யூ சொற்கள். ஒன்றில் உயிரெழுத்தே இல்லாத சொற்கள். ஒன்றில் இரண்டே எழுத்துச் சொற்கள். க்யூவும் ஐயும் சேர்ந்தால் ஒரு சொல்லாம். எக்ஸும் யூவும் ஒரு சொல்லாம். ஏ பக்கத்தில் இன்னொரு ஏ வைத்தால் அதுவும் ஒரு சொல்லாம். மூன்று இசட்டை வரிசையாக வைத்துக் குறட்டை என்றார் ஒருவர். குறட்டையை எல்லாம் அகராதியில் ஏற்றியிருக்கிறார்கள். மனுஷன் கொட்டாவி விட்டால் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள்.

முன்வரிசையில் ஒருவர் சி, டபிள்யூ, எம் என்று மூன்று கட்டைகளை வைத்து "கூம்" என்றார். சுற்றியிருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டு கேட்கிற மாதிரி தலையாட்டினார்கள். எதிரில் இருந்தவர் இசட், ஏ, எக்ஸ் வைத்து "ஸாக்ஸ்" என்றார். அதற்கும் தலையாட்டல்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கூம்னா என்னங்க?" என்று கேட்டுவிட்டேன்.

ஒரு தலையும் நிமிரவில்லை. தலைவர் எழுந்தார். கம்பெனியின் பழைய மேலாளர். பலகையைப் பார்த்தபடியே பேசினார்.

"இங்க யாரோ அர்த்தம் கேட்டாங்க. அது யாருன்னு நான் பாக்க விரும்பல. இத்தன வருஷமா நான் கூம் வைக்கிறேன். அது மலையா, மாடா, மருந்தா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன். தெரிஞ்சா என்ன ஆகும்? என்னைக்காவது வாய் தவறிப் பேசிடுவோம். பேசினா அது சாதாரணச் சொல்லாய்டும். சாதாரணச் சொல்ல எவன் வேணாலும் வைப்பான். எவன் வேணாலும் வைச்சா அப்புறம் சங்கம் எதுக்கு, நான் எதுக்கு? அர்த்தங்கறது சொல்லுக்கு வர்ற சீக்கு. நம்ம கூடத்துல அந்தச் சீக்கு நொழையக் கூடாது."

எல்லோரும் கட்டைகளை மேசையில் தட்டினார்கள். அது அவர்களுடைய கைதட்டல். எனக்கு ஒரு வாரம் கூடத்துக்குள் வரத் தடை. தண்டனை என்றார்கள். பரிசு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் கீழ்த்தளத்துக் கடைசி அறையில் இருந்த பழைய கேஷியர் செத்துப்போனார். சங்கத்தின் மூத்த உறுப்பினர். நல்ல மனுஷன், நான் லோடு இறக்கிவிட்டு வந்தால் உட்காரச் சொல்லி நாற்காலி போடுவார். அவருக்காகக் கூடத்தில் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். ஒருவர் தும்மினார். அதையே முடிவாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் வேறு சங்கதி வந்தது. க்யூ ஒன்றும் இசட் இரண்டும் உள்ள ஏதோ ஒரு சொல்லை அகராதியின் புதுப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்களாம். கட்டிடமே இடிந்து விழுந்த மாதிரி ஆயிற்று. சமையற்கட்டில் அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. லிஃப்ட் கதவைத் திறந்து, பழைய பதிப்பைத் தூக்கி வந்து, அந்தப் பக்கத்தை விரித்துக் கூடத்தின் நடுவில் வைத்தார்கள். வரிசையாக வந்து பார்த்தார்கள். செயலாளர் தேம்பினார்.

"போன மாசம்கூட என் கையில வந்துச்சு. வைக்காம விட்டுட்டனே! இன்னும் நல்ல எடமா பாத்து வைக்கலாம்னு விட்டுட்டனே!"

தன் பெண்டாட்டி செத்த அன்றுகூட அவர் இப்படி அழுததை யாரும் பார்த்ததில்லை.

முட்டி வீங்கியதிலிருந்து அவளுக்கு நான்தான் சாப்பாட்டை மேலே எடுத்துப்போவேன்; அடுப்பு பற்றாததால் அன்று அது இல்லை. என் மனைவி பார்த்தாள், பார்த்தாள், நான் குழாயடியில் இருந்த நேரத்தில் தானே சாப்பாட்டைக் கேட்டு வருகிறேன் என்று இறங்கியிருக்கிறாள். கடைசி வளைவில் முட்டி மடங்கிவிட்டது. உருண்டு வந்து கூடத்து வாசலில் விழுந்தாள். நெற்றி கிழிந்து ரத்தம் நிலைப்படியில் ஒழுகியது. "யாராவது வாங்க, தூக்குங்க" என்று கத்தியிருக்கிறாள். உள்ளே அத்தனை பேர் இருந்தார்கள். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. "துக்கத்துல இருக்கோம்மா, மெதுவா" என்று ஒரு குரல் மட்டும் வந்ததாம்.

நான் ஓடி வந்து அவளை முதுகில் போட்டு மாடிக்கு ஏற்றினேன். எனக்கு அன்று வந்த அருவருப்பு, செத்த எலியைச் செருப்புக்குள் மிதித்தால் வருமே, அந்த மாதிரி. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் போகாதது.

"இன்னொரு தடவ விழுந்தேன்னா அவ்வளவுதாங்க" என்றாள். "கால் போறது பரவால்ல. அந்த வாசப்படியில கெடந்து சாக எனக்குப் பிடிக்கல."

கேஷியரின் அறை காலியாகக் கிடந்தது. மறுநாளே போய்ச் செயலாளரிடம், நானும் ஆடுகிறேன் என்று சொன்னேன்.

அந்த அறைக்கு இன்னொருவரும் போட்டியிட்டார். க்யூ மாமா என்று பட்டப்பெயர். ஏற்கெனவே அவருக்குக் கீழ்த்தளத்தில் அறை உண்டு. தன்னுடைய எழுத்துக் கட்டைகளுக்குக் காற்றோட்டமாக இன்னொரு அறை வேண்டுமாம். மரக்கட்டைக்குக் காற்று வேண்டும், மனுஷிக்கு வேண்டாம். இதை ஒரு கோரிக்கை என்று மதித்து, எங்கள் இரண்டு பேருக்கும் ஆட்டம் வைத்தார்கள். ஜெயித்தவருக்கு அறை.

கூடம் நிறைந்துவிட்டது. செயலாளர் நடுவர். க்யூ மாமா முதல் சுற்றிலேயே யூ இல்லாத க்யூ ஒன்றை வைத்து, காது மடல் சிவக்கச் சிரித்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் முறையை விட்டுவிட்டேன். அடுத்த சுற்றிலும் விட்டேன். அவர் அடுக்கிக்கொண்டே போனார்.

என் முன்னால் ஏழு கட்டைகள். வி, கே, ஓ, ஓ, இசட், ஆர், என். ஒவ்வொன்றையும் நம்பர் பிளேட்டில் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றாகப் பார்த்ததில்லை. மேலே அவள் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் இங்கே மரத்துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டமும் வேண்டாம், அறையும் வேண்டாம், எழுந்து போய்விடுவோம் என்று ஏழையும் ஒரே வாரலாக வாரி, பலகையில் கிடந்த டீ என்ற எழுத்தை ஒட்டி, வந்த வரிசையிலேயே சார்த்தினேன்.

எல்லாக் கழுத்தும் பலகைமேல் நீண்டது.

இந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. வைத்த சொல் சந்தேகமாக இருந்தால் எதிராளி 'சேலஞ்ச்' என்று சொல்லலாம். உடனே அகராதியைப் பார்ப்பார்கள். சொல் இல்லையென்றால் வைத்தவன் கட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்துவிட்டால் கேட்டவனுக்கு ஒரு முறை போச்சு. உலகத்தில் எல்லா இடத்திலும் இவ்வளவுதான். எங்கள் சங்கத்தில் கூடவே ஒன்று சேர்த்திருந்தார்கள். கேட்டுத் தோற்றவன் பெயரை 'தெரியாதவர்கள்' என்ற பலகையில் எழுதி வாசலில் மாட்டுவார்கள். அந்தப் பலகை மாட்டிய நாள் முதல் வெறுமையாகவே தொங்கியது. யாரும் எதையும் கேட்டதே இல்லை.

"சேலஞ்ச் உண்டா?" என்றார் செயலாளர்.

க்யூ மாமாவின் மூக்கு நுனியில் வேர்வை தொங்கியது. பலகையை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"சேலஞ்சா? எதுக்கு? இது... இது பழைய சொல்லுதானே. போன வாரம் எனக்கே வந்துச்சு. ஒரு ஓ கொறஞ்சுபோச்சு, விட்டுட்டேன்."

"உச்சரிப்பு எப்படி?" என்று பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"முதல்ல இருக்கற எழுத்த அழுத்தக் கூடாது" என்றார் இன்னொருவர், அந்தச் சொல்லோடு ஒன்றாக வளர்ந்தவர் மாதிரி.

தலைவர் பலகைமேல் கவிழ்ந்து நெடுநேரம் பார்த்தார். "நல்ல சொல்லு. பன்மையில வச்சிருந்தா இன்னும் அழகா இருந்திருக்கும். புது ஆளு, போகப் போகச் சரியாய்டும்."

கட்டை ஏழையும் ஒரே தடவையில் வைத்ததற்குத் தனியாகப் புள்ளி உண்டாம். இசட்டுக்கு வேறு கூடுதலாம். அதன் பிறகு நான் வாயையும் திறக்கவில்லை, கையையும் நீட்டவில்லை. க்யூ மாமாவால் அதை எட்ட முடியவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். மறுநாள் என் கிறுக்கல் சுவர்ப்பலகையில் ஏறியிருந்தது. சாயங்காலத்துக்குள் அதை இரண்டு பேர் வைத்துவிட்டார்கள். ஒருவர் பன்மையில்.

அறைச் சாவியை வாங்கப் போனேன். தலைவரும் செயலாளரும் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"சாயங்காலமே அவளக் கீழ எறக்கிடறேன் சார்."

"யார?" என்றார் செயலாளர்.

"என் பொண்டாட்டிய. அவளுக்காகத்தானே ஆடினேன்."

"அவங்க ஆடறாங்களா?"

"இல்ல."

"அப்ப அவங்க ஆடாத துணை. ஆடாத துணைக்கு மாடி. நீங்க மட்டும் கீழ வாங்க."

இப்போது எனக்கு 'ங்க' போட்டார். மரியாதை கிடைத்தது, அறை கிடைத்தது, அவளுக்கு மட்டும் படி கிடைத்தது.

"சார், என் கால் நல்லா இருக்கு. கால் போனது அவளுக்கு. நல்ல கால கீழ வச்சுக்கிட்டு ஒடஞ்ச கால மேல ஏத்தற ஞாயம் எங்கயாவது உண்டா?"

தலைவர் கையை உயர்த்தினார். முகத்தை உயர்த்தவில்லை.

"உங்க வருத்தம் புரியுது. எங்களுக்கும் மனசு உண்டு. ஆனா ஒண்ண யோசிங்க. கீழ்த்தளம் எதுக்கு ஆட்டக்காரருக்குன்னு வச்சோம்? படி ஏறினா மண்டை குலுங்கும். குலுங்கினா சேத்து வச்ச சொல்லெல்லாம் கொட்டிடும். உங்க மனைவி மண்டையில கொட்டறதுக்கு என்ன இருக்கு? அவங்க விழுந்தா அவங்க மட்டும்தான் விழறாங்க. நீங்க விழுந்தா கூடவே ஒரு நல்ல சொல்லும் விழுது. நாங்க எல்லாரையும் சமமாத்தான் பாக்கறோம். அதனாலதான் யாரையும் பாக்கறதில்ல."

சாவியை அவர் முகத்தில் எறிந்திருப்பேன். எறிந்தாலும் அவர் அது எந்த எழுத்து என்றுதான் பார்த்திருப்பார்.

மாடிக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கெட்ட வார்த்தை எல்லாம் எழுபது வருஷமாகச் சேர்த்து வைத்தது, அன்று செலவாயிற்று. அவள் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"ஏங்க, அவங்க யாராவது என்னைக்காவது உங்க மூஞ்சியப் பாத்திருக்காங்களா?"

யோசித்தேன். லிஃப்ட்டைத் திறக்கக் கேட்டபோது இல்லை. அர்த்தம் கேட்டபோது இல்லை. ஜெயித்தபோது இல்லை. சாவி கொடுத்தபோதும் இல்லை.

"இல்ல."

"அப்ப என்னத் தூக்கிக் கீழ விடுங்க. நாந்தான் நீங்க."

"பைத்தியமா உனக்கு? பேசினா தெரிஞ்சிடாதா?"

"பேசாம இருந்தா? உங்கள மாதிரியே உர்ருன்னு உக்காந்திருக்கேன். நாப்பது வருஷமாப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

அன்றே முதுகில் தூக்கி இறக்கினேன். கேஷியரின் அறைக் கட்டிலில் அவள் காலை நீட்டிப் படுத்தாள். மறுநாள் கூடத்தில் என் நாற்காலியில் கொண்டையோடும் மூக்குத்தியோடும் உட்கார்ந்தாள். செயலாளர் பையை நீட்டினார்.

"எழுத்து எடுங்க சார்."

எடுத்தாள். அவளுக்கு ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. உருண்டையாக இருந்ததை எல்லாம் ஒரு பக்கம், குச்சி குச்சியாக இருந்ததை எல்லாம் ஒரு பக்கம் பிரித்து, உருண்டைகளை வரிசையாக வைத்தாள். சேலஞ்ச் இல்லை. "சார் கைக்கு ஓ நல்லா வருது" என்று பொறாமையாக ஒருவர் சொன்னார். அடுத்த மாதம் அவளை உயிரெழுத்தில்லாச் சொற்கள் உட்குழுவில் போட்டார்கள். குழுவில் அதிகம் பேசாதவர் என்று நல்ல பெயர்.

நான் மூன்றாம் மாடியில் ஆடாத துணையாக இருக்கிறேன். ஆடாத துணைகளுக்கு ஒரு கடமை உண்டு. வாரம் ஒரு தடவை எழுத்துக் கட்டைகளை ஈரத்துணியால் துடைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். மற்ற ஆட்டக்காரர்களின் மனைவிகளோடு நானும் பாயில் உட்கார்ந்து துடைக்கிறேன். அந்தப் பெண்களுக்கு முதல் நாளே எல்லாம் தெரிந்துவிட்டது. அவர்களுக்குத் தலை நிமிர்கிற வழக்கம் உண்டு. "வாங்க அக்கா, இப்படி நெழல்ல உக்காருங்க" என்று இடம் விடுகிறார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் துணியை வாயில் வைத்துக்கொள்கிறார்கள். காட்டிக்கொடுக்க ஒருத்திக்கும் மனசில்லை. யாருக்குக் காட்டிக்கொடுப்பது?

அவள் முட்டி வற்றிவிட்டது. தடி இல்லாமல் கேட் வரை நடந்துபோய் வருகிறாள். நான் படியேறி இறங்கி அவளோடு சாப்பிடுகிறேன்.

போன வாரம் துடைத்து முடித்துக் கட்டைத் தட்டோடு நான் வரும்போது தலைவர் எதிரே வந்தார். கழுத்து வலி என்று டாக்டர் பட்டை கட்டிவிட்டிருந்தார். குனிய முடியவில்லை. என்னை நேருக்கு நேராகப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. என் மொட்டைத் தலையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் தொங்குகிற என் நரைத்த மீசையைப் பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவள் மறுபடியும் அந்தப் படியில் ஏறுவதை நினைத்ததும் தட்டை நெஞ்சோடு இழுத்துப் பிடித்தேன், கட்டைகள் கடகடவென்று ஆடின.

அவர் கண் கீழே இறங்கித் தட்டில் நின்றது. ஒரு இசட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத் தொடச்சிருக்கீங்கம்மா" என்றார். "உங்க வீட்டுக்காரர் பிரமாதமா ஆடறார். நல்லபடியாப் பாத்துக்குங்க. உங்களுக்குப் படி ஏற ஏதாவது கஷ்டமா இருந்தா, தயங்காம வந்து எங்கிட்ட சொல்லுங்க. ஒண்ணும் செய்ய மாட்டோம். ஆனாலும் சொல்லணும்."

"சரிங்க" என்றேன், என் லாரித் தொண்டையில்.

தட்டைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து, நிலைப்படியைத் தாண்டி, நன்றாக இழுத்துக் காறித் துப்பினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு உள்ளே யாரோ, "அது எத்தன எழுத்து?" என்று கேட்டார்கள்.